மறுமொழிக்கு வேண்டிய அவகாசம்

பொங்கல் விழா, சித்திரை விழா, ஆண்டு விழா என எதுவானாலும், வெளிமாநிலத் தமிழ்ச் சங்க அழைப்பிதழில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "மாலை 6 மணிக்குப் பட்டிமன்றம்." அந்த ஒரு வரிக்காகவே வண்டி பிடித்து வருகிறவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன்தான். ஆகையால் இக்கட்டுரையைப் பட்டிமன்றத்தின் மீதான புகார்ப் பட்டியல் என்று அன்பர்கள் கொள்ள வேண்டாம். ஒரு விவாதம் நடக்கிற வேகம் அதன் தரத்தை எப்படி மாற்றுகிறது என்பதே நான் எழுப்ப விரும்பும் கேள்வி. இதற்குத் தமிழிலேயே மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. ஒன்று நூற்றாண்டு, இன்னொன்று மாதம், மூன்றாவது நிமிடம்.

முதலில் நூற்றாண்டுக் கணக்கு. தொல்காப்பியத்துக்கு நமக்குக் கிடைத்துள்ள உரைகளில் பழமையானது இளம்பூரணர் உரை. அவருக்குப் பின்னால் வந்த சேனாவரையர் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதும்போது பல இடங்களில் இளம்பூரணரை மறுக்கிறார். அவருக்கும் பின்னால் வந்த நச்சினார்க்கினியர் சேனாவரையரையே சில இடங்களில் மறுக்கிறார். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லத் தலைமுறைகள் கடந்திருக்கின்றன. ஆனால் அந்த மறுப்பின் அமைப்பைப் பாருங்கள். எதிராளியின் கருத்து முதலில் சொல்லப்படும். "என்பாரும் உளர்" என்று அதற்கு ஓர் இடம் கொடுக்கப்படும். அதன் பிறகுதான் "அது பொருந்தாது" என்பதும், ஏன் பொருந்தாது என்பதற்கான காரணமும் வரும். தாம் மறுக்கிற இளம்பூரணரைப் பின்வந்தோர் "உரையாசிரியர்" என்றே மரியாதையாகக் குறித்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த வழக்கத்தால் என்ன லாபம்? திருக்குறளிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். தன் மகனைச் சான்றோன் என்று கேட்டு மகிழும் தாயைப் பற்றிய 69-ஆம் குறளை எல்லோரும் அறிவோம். அந்தத் தாய் ஏன் "கேட்டு" அறிய வேண்டும்? பெண்ணின் இயல்பால் தானாக அறிய மாட்டாள், ஆகவே பிறர் சொல்லக் கேட்டாள் என்று பரிமேலழகர் விளக்கம் தருகிறார். 20-ஆம் நூற்றாண்டில் இதைப் பலர் கடுமையாக மறுத்தார்கள். மறுத்தது சரிதான் என்பதே என் கட்சியும். ஆனால் மறுத்தவர்களும் பரிமேலழகர் சொன்னதை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டே மறுத்தார்கள். அதனால்தான் இன்று பள்ளியில் படிக்கிற பிள்ளைகூட இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டு தானே ஒரு முடிவுக்கு வர முடிகிறது. விவாதம் நடந்து முடிந்த பிறகும் அதன் சரக்கு கெடாமல் இருக்கிறது.

மெதுவாக எழுதினால் கோபமே வராது என்று சொல்லவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் வைத்தியநாத தேசிகர் எழுதிய இலக்கண விளக்கத்தை மறுத்து, 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் ஒரு நூல் செய்தார். அதன் பெயரே "இலக்கண விளக்கச் சூறாவளி". பெயருக்கேற்ற வேகமான சொற்கள்தான் அதில் இருக்கின்றன. ஆனாலும் சூத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் அந்தச் சூறாவளி வீசுகிறது. மறுக்கப்படும் நூலை ஊன்றிப் படிக்காமல் அப்படி மறுக்க முடியாது.

அச்சு இயந்திரம் பரவலானபோது நிலைமை மாறியது. 1867-இல் வள்ளலாரின் பாடல்கள் "திருவருட்பா" என்ற பெயரில் அச்சாயின. அந்தப் பெயர் அவற்றுக்குத் தகுமா என்று ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்தது. ஒரு நூலை அருள் நூல் என்று ஏற்பதற்கு எது அளவுகோல் என்ற கேள்வி மிகக் கனமானது. நிதானமாகப் பேசியிருந்தால் தமிழ்த் திறனாய்வுக்கே ஒரு பெரிய வரவாக இருந்திருக்கும். நடந்தது என்ன? கண்டனத்துக்கு எதிர்க் கண்டனம் என்று துண்டு நூல்கள் கிளம்பின. 1869-இல் விஷயம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. இரு பெரியவர்களும் மறைந்த பிறகும், அடுத்த நூற்றாண்டின் தொடக்கம் வரை சச்சரவு ஓயவில்லை. ஆக, சண்டை நீண்டதே தவிர ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் இருக்க வேண்டிய அவகாசம் குறுகிவிட்டது. அச்சகம் பக்கத்திலேயே இருந்தது, கையும் துறுதுறுத்தது. கனமான கேள்வி வசவுக்கு அடியில் புதைந்து போயிற்று.

அதே அச்சு இன்னொரு விதமாகவும் பயன்பட்டது என்பதற்குச் சாட்சி, சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய "எழுத்து". 1970 வரை 119 இதழ்கள் வந்தன. யாப்பை விட்டுவிட்டால் கவிதை கவிதையாக இருக்குமா என்ற விவாதம் அதன் பக்கங்களில்தான் ஆழமாக நடந்தது. அந்த விவாதத்தின் வேகம் தபால்காரரின் வேகம். திரிகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதினார். மத்திய அரசுப் பணியில் தில்லியில் இருந்தபடியே வெங்கட் சாமிநாதன் எழுதினார். இதழ் தபாலில் வந்து சேர வேண்டும், படிக்க வேண்டும், எழுதி அனுப்ப வேண்டும், அது அச்சாக அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ ஆகும். இந்தத் தாமதத்தில் ஒரு நன்மை இருந்தது. முதல் நாள் வந்த ஆத்திரம் மூன்றாம் நாள் ஆறிவிடும். நான்காம் நாள் எழுத உட்காரும்போது மிஞ்சுவது காரணம் மட்டும்தான். தவிர, தலைநகரில் இருந்த தமிழனும் கடல் தாண்டி இருந்த தமிழனும், சென்னையில் இருப்பவனுக்குச் சமமாக அந்த விவாதத்தில் உட்கார முடிந்தது. தூரத்தில் இருப்பவனுக்கு மெதுவான விவாதமே நாற்காலி போட்டுக் கொடுத்தது.

இனி நிமிடக் கணக்கு. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகமும், குன்றக்குடி அடிகளார் போன்ற நடுவர்களும் பட்டிமன்றத்தை மக்கள் மேடையாக வளர்த்தார்கள். கம்பனை ஏட்டில் படிக்காதவர்கள் காதால் படித்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, அது பெரிய தொண்டு. ஆனால் தொலைக்காட்சிக்குப் போன பிறகு, பேச்சாளருக்குக் கிடைக்கும் நிமிடங்கள் சுருங்கின. சுருங்கியபோது முதலில் வெட்டுப்பட்டது எது என்று யோசித்துப் பாருங்கள். நகைச்சுவை வெட்டுப்படவில்லை, கைதட்டலும் வெட்டுப்படவில்லை. "எதிரணி நண்பர் சொன்னது இதுதான்" என்று நேர்மையாக எடுத்துச் சொல்லும் அந்த இரண்டு வாக்கியங்கள்தான் போயின. அந்த இடத்தில் எதிராளியின் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அடிக்கும் ஒரு துணுக்கு உட்கார்ந்துகொண்டது. "என்பாரும் உளர்" என்ற மரபு ஒழிந்த இடம் இது.

நம்மைப் போன்ற வெளிமாநிலக் குடும்பங்களுக்கு இதில் தனியாக ஒரு நஷ்டம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து தமிழ் பேசுகிறார்கள். கருத்து இருக்கும், சொல் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். சில ஆண்டுகளுக்கு முன் நான் போயிருந்த ஒரு மேடையில், பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி எதிரணியின் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துத் தடுமாறினாள். மணி அடித்தது, சிரிப்பு எழுந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டபோது, "பதில் தெரியும் அங்கிள். தமிழ்ல வார்த்தை தேடறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க" என்றாள். அடுத்த ஆண்டு அவள் மேடைப்பக்கமே வரவில்லை. அவளை வென்றது எதிரணியின் வாதம் அல்ல, கடிகாரம்தான். இப்படியே போனால் சங்க மேடை, தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்த எங்கள் வயதுக்காரர்களின் தனிச் சொத்தாகச் சுருங்கிவிடும். இங்கேயே பிறந்தவர்கள் கைதட்டுவதற்கு மட்டும் வருவார்கள். பிறகு அதற்கும் வர மாட்டார்கள்.

வேகமே கூடாது என்றால் மேடையில் தூக்கம்தான் மிஞ்சும் என்று சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. உடனுக்குடன் பதில் சொல்லும் சாமர்த்தியமும் ஒரு கலையே. அதை ரசிக்காதவன் தமிழனே அல்ல. ஆனால் சாமர்த்தியத்தை வைத்துக் கருத்தை அளக்கக் கூடாது. இரண்டுக்கும் வேறு வேறு தராசு வேண்டும்.

ஆகவே சங்கங்கள் மூன்று காரியங்கள் செய்து பார்க்கலாம். பட்டிமன்றத் தலைப்பையும் இரு அணிகளின் முதன்மை வாதங்களையும் ஒரு மாதம் முன்பே பேச்சாளர்களுக்குக் கொடுத்துவிடலாம். முன்னே பேசியவரின் வாதத்தை அவரே தலையாட்டி ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்ன பிறகே மறுக்கலாம் என்று நடுவர் விதி செய்யலாம். அந்த நேரத்தை மணிக்கணக்கில் சேர்க்க வேண்டாம். மூன்றாவதாக, ஆண்டு மலரில் வரும் கட்டுரைக்கு அடுத்த ஆண்டு மலரில் மறுப்பு எழுத இரண்டு பக்கம் ஒதுக்கலாம். பன்னிரண்டு மாதம் என்பது சேனாவரையர் எடுத்துக்கொண்ட காலத்தை நோக்க மின்னல் வேகம்தான். இந்தக் கட்டுரைக்கே மறுப்பு எழுத விரும்பும் அன்பர்கள் அதைத் தொடங்கி வைக்கலாம். நான் சொன்னதை முதலில் சொல்லிவிட்டு மறுத்தால் போதும்.