மொன்றோஸ்: வீரக்கதையும் வரலாறும்

தோற்றுப்போன வீரனுக்கு இலக்கியத்தில் தனியொரு கவர்ச்சி உண்டு. அவன் கலங்காது உயிர் துறந்தவனாயின், யாருக்காகப் போரிட்டான், எவரைக் கொண்டு போரிட்டான் என்னும் வினாக்கள் மெல்ல மறைந்துவிடுகின்றன. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்தில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் மன்னருக்காகப் படை நடத்திய மொன்றோஸ் பிரபு ஜேம்ஸ் கிரஹாம் (1612–1650) இதற்குத் தக்க சான்று. சேர் வோல்ட்டர் ஸ்கொட் 1819இல் வெளியிட்ட ‘மொன்றோஸ் பற்றியதோர் ஐதீகம்’ என்னும் நாவலையும், ஜோன் பக்கன் 1928இல் எழுதிய ‘மொன்றோஸ்’ என்னும் வாழ்க்கை வரலாற்றையும் இவ்வினாக்களோடு அணுகுவோம்.

1625இல் அரியணை ஏறிய முதலாம் சாள்ஸ், திருச்சபையிடமிருந்து பிரபுக்களின் கைக்கு வந்திருந்த நிலங்களை மீட்க முற்பட்டான். 1637இல் ஸ்கொத்லாந்துத் திருச்சபைமீது புதிய செபநூலொன்றைத் திணித்தான். நிலம் பற்றிய அச்சமும் மதவுணர்வும் ஒன்றாகிய வேளையிலேயே 1638ஆம் ஆண்டின் தேசிய உடன்படிக்கை எழுந்தது. அதிற் கையொப்பமிட்ட பிரபுக்களுள் மொன்றோஸும் ஒருவன். உடன்படிக்கையை ஏற்கத் தயங்கிய அபடீன் நகருள் 1639இல் படையோடு புகுந்தவனும் அவனே.

ஆயின், மன்னனிடமிருந்து பறிக்கப்பட்ட அதிகாரம் கம்பெல் குலத் தலைவனான ஆகைல் பிரபுவின் கையிற் குவிவதை அவனாற் பொறுக்க முடியவில்லை. 1644இல் மன்னனின் படைத்தலைவனானான். அவ்வாண்டு செப்ரெம்பர் 13ஆந் திகதி மீண்டும் அபடீனுக்கு வந்தான். இம்முறை அவன் படை நகரைச் சூறையாடியது. நகரத்தார் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர்.

மொன்றோஸ் கட்சி மாறினானேயன்றிக் கொள்கை மாறவில்லை என்பது பக்கனின் வாதம். சட்டத்துக்குட்பட்ட முடியாட்சியையே அவன் என்றும் விரும்பினானாம். இவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட இயலாது. எனினும் பக்கன் கன்சவேற்றிவ் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்தவர். 1935இற் கனடாவின் மகாதேசாதிபதியானவர். ஒழுங்கை நிலைநாட்டும் உயர்குடி மனிதனே அவர்தம் இலட்சியம். ஒருவனது கொள்கையை அவனுடைய எழுத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. ஐந்தாண்டு இடைவெளியில் இருவேறு கொடிகளின் கீழ் ஒரே மனிதன் வரக்கண்ட அபடீன் மக்களையும் நாம் கேட்டாக வேண்டும்.

ஸ்கொட்டும் பழைமையில் ஊறியவரே. ஆயினும் கலைஞர் என்ற வகையில் அவர் மேலும் ஆழமாகக் காண்கிறார். ஸ்கொட் பெருந்தலைவர்களை ஓரத்தில் நிறுத்தி, நடுத்தர மனிதர்களையே கதையின் மையத்தில் வைக்கிறார் என்று 1930களில் லூக்காச் எடுத்துக்காட்டினார். இந்நாவலில் நம் நெஞ்சில் நிற்பவன் மொன்றோஸ் அல்லன். கூலிப்படை வீரனான டல்கெற்றியே. அபடீனிற் கல்வி கற்று, சுவீடன் மன்னனிடம் போர்த்தொழில் பயின்று வந்த அவன், பக்கம் சேருமுன் சம்பளத்தை விசாரிக்கிறான். நகைச்சுவைப் பாத்திரமாகிய அவனே போரின் பொருளாதாரத்தை ஒளிவுமறைவின்றிப் பேசுகிறான். நாவலின் குறையும் இங்கேயே உளது. அபடீன் மாணவனைப் படைத்த ஆசிரியர் அபடீனின் அழிவைக் காட்சியாக்கவில்லை. காதற் போட்டியொன்றையே கதையின் இழையாக்குகிறார்.

மொன்றோஸின் வெற்றிகளை ஈட்டியவர் யாவர்? அலஸ்டேர் மக் கொல்லா கொணர்ந்த அயர்லாந்துப் படையினரும் வடமேற்கு மலைக்குடிகளுமே. கம்பெல்கள் விழுங்கிய நிலங்களை மறவாத மக்டொனல்டுகளுக்கு மன்னனின் போர் தம் வழக்கைத் தீர்க்கும் வாய்ப்பாயிற்று. 1645 பெப்ரவரி 2ஆந் திகதி நிகழ்ந்த இன்வர்லொக்கிப் போரைப் பாடிய கேலிக் கவிஞர் இயன் லோம் மக் கொல்லாவையே முதன்மைப்படுத்தினார். பிரபுவின் புகழ் பிற்காலத்து ஆங்கில நூல்களில் வளர்ந்தது. அதே ஆண்டு செப்ரெம்பரிற் பிலிப்ஹோவில் மொன்றோஸ் தோற்றுத் தப்பினான். சரணடைந்த அயர்லாந்து வீரரும், படையோடு வந்த பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர்.

1650இல் இரண்டாம் சாள்ஸின் ஆணையோடு திரும்பிய மொன்றோஸ் பிடிபட்டு, மே 21ஆந் திகதி எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டான். அவனை அனுப்பிய இளமன்னனோ அதற்குள் உடன்படிக்கையாளரோடு பேரம் முடித்திருந்தான். 1651இல் அம்மன்னனுக்கு முடிசூட்டியவன் ஆகைல். 1661இல் அம்மன்னனின் ஆட்சியிலேயே ஆகைலின் தலையும் வீழ்ந்தது. பதினோராண்டு மொன்றோஸின் தலை நின்ற அதே கூர்முனையில் அது குத்தி நிறுத்தப்பட்டது. இன்று புனித ஜைல்ஸ் தேவாலயத்தில் இருவருக்கும் நினைவுச் சின்னங்கள் உள.

பகைவர் இருவரையும் ஒரே கூரையின்கீழ் அமைதிப்படுத்திவிடுவது பிற்காலத்தவர்க்கு எளிது. பிலிப்ஹோவில் மாண்ட பெண்களின் பெயர்களோ நமக்குக் கிட்டவில்லை. வரலாற்று நாவலை மாணவர் கையிற் கொடுக்கும்போது, தலைவனின் குணநலனை விவரிக்குமாறு கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அவனுக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள் யாவர், எதற்காக நடந்தனர், அவர்கள் பெற்றது யாது என்றும் கேட்கப் பழக்குதல் வேண்டும்.