வசீகரமே சாட்சி

ஸ்டான்லி டோனன் 1963-இல் எடுத்த ‘ஷரேட்’ படத்தில் கணவனைப் பறிகொடுத்தவளுக்குத் துக்கமே இல்லை. ஓடும் ரயிலிலிருந்து அவனைத் தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். இறுதிச் சடங்குக்கு முன்பின் தெரியாத மூன்று பேர் வருகிறார்கள். ஒருவன் பிணத்தைப் பார்த்துத் தும்முகிறான், ஒருவன் வாயருகே கண்ணாடி பிடிக்கிறான், மூன்றாமவன் ஊசியால் குத்திப் பார்க்கிறான். நாம் சிரிக்கிறோம். ரெஜினாவாக ஆட்ரி ஹெப்பர்ன் உட்கார்ந்திருப்பதால்தான் அந்தச் சிரிப்பு கூசாமல் வருகிறது.

போர்க்காலத்தில் களவுபோன 2,50,000 டாலர் எங்கே என்பதுதான் கதை. அதைத் தேடும் மூவரும் அடுத்தடுத்துச் சாகிறார்கள். ரெஜினாவுக்குத் துணை நிற்கும் கேரி கிராண்டோ மூன்று முறை பெயர் மாற்றுகிறார். அவர்தான் கொலையாளியா? பீட்டர் ஸ்டோனின் திரைக்கதை இந்தக் கேள்வியை விடாமல் கேட்கிறது. அரங்கில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். கோட்டு சூட்டோடு ஷவரில் நின்று குளிக்கிற கிராண்டைக் கொலைகாரன் என்று யார் சொல்வார்கள்? த்ரில்லராக இங்கே படம் தோற்கிறது. பெயர் மாறும்போதெல்லாம் பயம் கூடுவதில்லை, குறும்புதான் கூடுகிறது. குளியல் தொட்டியில் ஒருவன் மூழ்கிக் கிடக்கிறான். சற்று நேரத்தில் வசனம் பழையபடி துள்ளுகிறது.

வயது விஷயத்தைச் சாமர்த்தியமாகக் கையாண்டிருக்கிறார்கள். கிராண்ட் பிறந்தது 1904, ஹெப்பர்ன் 1929. இளம்பெண்ணைத் துரத்தும் கிழவனாகத் தெரியக் கூடாதென்று கிராண்டே கேட்டுக்கொண்டதால், துரத்துகிற வேலை ரெஜினாவுக்குப் போயிற்று. படத்தின் நல்ல நகைச்சுவையில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

உச்சக்கட்டத்தில், பாரிஸின் பலே ரோயால் தூண் வரிசையில், டோனன் எல்லாக் கடனையும் தீர்க்கிறார். (அறுபது வருடம் தாண்டிய படம்; முடிவைச் சொன்னால் பாவமில்லை.) தூண்களின் மறைவில் ரெஜினா. ஒரு பக்கம் கிராண்ட். எதிரே, தூதரக அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வந்த வால்டர் மத்தாவ். சாண்ட்விச் நீட்டி உபசரித்த, சற்றே அசமஞ்சமான அந்த மனிதரை நாமும் நம்பியிருந்தோம். உன்னை ஏன் நம்ப வேண்டும் என்று அவள் கேட்க, நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை என்று கிராண்ட் ஒப்புக்கொள்கிறார். அத்தனை பொய்க்குப் பிறகு அவரிடம் மிச்சமிருப்பது முகமும் குரலும் மட்டுமே. அவற்றை மட்டும் வைத்து அவள் தன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும். அதுவரை அலங்காரமாக இருந்த வசீகரம் அந்தச் சில நிமிடங்களில் கதைப்பொருளாகிவிடுகிறது.

ஆனால் விடை சொகுசானது. அழகன் நல்லவன், அசமஞ்சம் கொலைகாரன். 1941-இல் ‘சஸ்பிஷன்’ எடுத்தபோதும் கிராண்டைக் கொலைகாரனாக்க முடியவில்லை என்று ஹிட்ச்காக் பின்னாளில் குறைப்பட்டார். அது ஸ்டுடியோவின் கட்டாயம் என்றார். டோனனோ ஆசைப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை.

நட்சத்திரங்களை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஜோனதன் டெம்மி 2002-இல் மார்க் வால்பெர்க்கை வைத்து இதே கதையை மறுபடி எடுத்தார். பாரிஸ் இருந்தது, திருப்பங்கள் இருந்தன, படம் எடுபடவில்லை. ‘ஷரேட்’ கதையால் நிற்கும் படம் இல்லை. ஆனாலும் அந்தத் தூண் வரிசைக்காக இன்னொரு முறை பார்ப்பேன்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பதிப்புரிமை அறிவிப்பைச் சரியாகப் போடாததால் அமெரிக்காவில் இந்தப் படம் வெளியான அன்றே பொதுச்சொத்தாகிவிட்டது. அதனால் மங்கிய பிரதிகள் ஏராளம். நல்ல பிரதியாகத் தேடிப் பாருங்கள்.