தூண்களை அளக்க நின்ற பெண்கள்

டேவிட் ராபர்ட்ஸின் ஓவியங்களை நெடுங்காலம் நான் தூண்களுக்காகவே பார்த்துவந்தேன். ஸ்பெயினின் பர்கோஸ் பேராலய உட்புறத்தை அவர் 1835இல் வரைந்திருக்கிறார். படிக்கட்டும் வளைவுகளும் வெளிச்சமும் நம் கண்ணைத் தானாகவே மேலே இழுத்துக்கொண்டு போகும். அவருடைய தேவாலய ஓவியங்களில் பெண்கள் இல்லாமல் இல்லை. முக்காடிட்டு, முழந்தாளிட்டு, தரையோடு தரையாக இருப்பார்கள். ஒரு விரற்கடை உயரம்கூட இருக்காது. அவர்கள் அங்கே இருப்பதால்தான் தூண் எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரிகிறது. அளவுகோலுக்கு முகம் எதற்கு? நானும் அந்த முகங்களைத் தேடியதில்லை.

இந்தப் பார்வையை ராபர்ட்ஸ் எங்கே கற்றார் என்பது முக்கியம். 1796இல் எடின்பரோவை ஒட்டிய ஸ்டாக்பிரிட்ஜில், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். வீடுகளுக்கு வண்ணம் பூசும் ஒருவரிடம் தொழில் பழகினார். பிறகு நாடக அரங்குகளுக்குத் திரைச்சீலை எழுதினார். திரைச்சீலையில் கட்டடம்தான் பெரிது. மனிதர்கள் அதன் முன்னால் வந்து போகிறவர்கள். வர்க்கத்தால் கீழே நிறுத்தப்பட்ட ஒருவர் உழைப்பால் ராயல் அகாடமி வரை ஏறிய கதை இது. அதற்கு உரிய மதிப்பை நான் குறைக்கவில்லை. ஏறியவரின் கண்ணில் கீழே நின்றவர்கள் எப்படித் தெரிந்தார்கள் என்பதே என் கேள்வி.

1838-39இல் அவர் எகிப்து, சினாய், பாலஸ்தீனம் என்று பயணம் செய்தார். கெய்ரோவின் மசூதிகளுக்குள் வரைய அவருக்கு அனுமதி கிடைத்தது. துருக்கிய உடை அணிய வேண்டும், பன்றிமயிர்த் தூரிகையைப் பயன்படுத்தக் கூடாது என்பவை நிபந்தனைகள். அந்த உடையிலேயே அவரை ராபர்ட் ஸ்காட் லாடர் 1840இல் வரைந்த உருவப்படம் இன்றும் புகழ்பெற்றது. ஆண் ஒருவன் உடை மாற்றினால் கதவு திறக்கிறது. அது சாகசமாகவும் உருவப்படமாகவும் ஆகிறது. அதே நகரத்தில் ஆடைக்காகவும் அசைவுக்காகவும் கண்காணிக்கப்பட்ட பெண்களும் இருந்தார்கள்.

பயணத்தில் வரைந்தவற்றை லூயி ஹாக் கல்லச்சில் ஏற்ற, அவை 1842 முதல் 1849 வரை பகுதி பகுதியாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று கெய்ரோவின் கவாஸிகளை, அதாவது தொழில்முறை நடனப் பெண்களைக் காட்டுகிறது. ராபர்ட்ஸிடம் பெண்கள் அளவுகோலாக இல்லாமல் பொருளாகவே வரும் அரிதான படங்களில் இதுவும் ஒன்று. நானும் முதலில் மகிழ்ந்தேன். பிறகுதான் ஆண்டைக் கவனித்தேன்.

1834இல் முகமது அலி பாஷாவின் அரசு, பொது இடங்களில் ஆடும் பெண்களையும் பாலியல் தொழில் செய்த பெண்களையும் கெய்ரோவில் தடைசெய்தது. பலர் தெற்கே எஸ்னா போன்ற ஊர்களுக்குத் துரத்தப்பட்டார்கள். மீறிப் பிடிபட்டால் முதல் முறை 50 கசையடி, மீண்டும் பிடிபட்டால் கடின உழைப்புத் தண்டனை என்று அக்காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் லேன் பதிவுசெய்திருக்கிறார். ராபர்ட்ஸ் எகிப்தில் இறங்கியபோது அந்த ஆணைக்கு நான்கு வயது. படத்தின் தலைப்போ கெய்ரோவின் நடனப் பெண்கள் என்கிறது. அரசு நகரத்தைவிட்டு விரட்டிய பெண்களை ஓவியம் அதே நகரத்தின் அழகாக்கி லண்டனில் விற்கிறது. விரட்டப்பட்டதன் சுவடு படத்தில் எங்குமில்லை.

இன்னொரு கல்லச்சு நூபியாவின் கோர்த்தியில் 'இளைப்பாறும்' அபிசீனிய அடிமைகளைக் காட்டுகிறது. விற்கப்படுவதற்காக நடத்திச் செல்லப்படுகிறவர்களின் இடைநிறுத்தத்துக்கு எவ்வளவு மென்மையான வினைச்சொல்! இந்தத் தொகுதிகளுக்கு முன்பணம் கட்டியவர்களில் விக்டோரியா அரசியும் இருந்தார். ஆக, 'ஆண் பார்வை' என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிட முடியாது. பேரரசின் பார்வையைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் பெண்களும் உண்டு.

வேறு விதமாகப் பார்த்திருக்க முடியுமா? எட்வர்ட் லேனின் சகோதரி சோஃபியா லேன் பூல் 1842இல் கெய்ரோ வந்து, எந்த ஆண் ஓவியரும் நுழைய முடியாத அந்தப்புரங்களுக்குள் சென்று கடிதங்களாக எழுதினார். 1844இல் அவை நூலாக வரத் தொடங்கின. ஆங்கிலேய மேட்டிமை அவரிடமும் இருந்தது. என்றாலும் அவர் எழுத்தில் எகிப்தியப் பெண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். வந்தவளையே கேள்வி கேட்கிறார்கள்.

ராபர்ட்ஸின் சொந்த வீட்டுக்கும் இந்தக் கேள்வி வருகிறது. அவர் 1820இல் மணந்த மார்கரெட் மெக்லாக்லன் ஒரு நடிகை. அவர் எழுதிய திரைச்சீலைகளின் உலகத்தைச் சேர்ந்தவர். 1831இல் பிரிவு. மார்கரெட் ஸ்காட்லாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். காரணம் குடி என்று வாழ்க்கை வரலாறுகள் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கின்றன. குடித்த ஆண் கலைஞனுக்கு அது மேதைமையின் நிழல். குடித்த நடிகைக்கு அதுவே முற்றுப்புள்ளி. மேடையில் நின்ற பெண் வரலாற்றிலிருந்து இறங்கிப் போகிறாள், பின்னால் இருந்த திரைச்சீலை அருங்காட்சியகத்துக்குப் போகிறது.

மகள் கிறிஸ்டினோ தந்தையின் கீழைநாட்டுப் பயணக் குறிப்புகளைப் படியெடுத்தார். ராபர்ட்ஸ் எங்கே நின்றார், எதைக் கண்டு வியந்தார் என்று ஆய்வாளர்கள் நாடிச் செல்லும் பக்கங்கள் ஒரு பெண்ணின் கையெழுத்தில் இருக்கின்றன. படியெடுத்தவள் என்ன நினைத்தாள் என்பதற்குப் பக்கம் ஒதுக்கப்படவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்தத் தூண்களின் மேல் விழும் ஒளி எனக்குப் பிடித்தே இருக்கிறது. அதை மறைத்துப் பயனில்லை. பிடித்ததைக் கேள்வி கேட்பதுதான் விமர்சனம் என்று நம்புகிறேன். இந்தக் கல்லச்சுகள் இன்றும் உணவகச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் 'பழைய எகிப்து' என்று தொங்குகின்றன. கவாஸிகளின் படத்தை இனி அச்சிடுகிறவர்கள் ஓவியரின் பெயருக்குக் கீழே இன்னொரு வரியையும் சேர்த்து அச்சிடட்டும்: இந்தப் பெண்கள் 1834இல் இந்த நகரத்தைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள்.