தற்சுழல் தரவினமும் பல்லுருவாக்கமும்: மூன்று மரபுகள்

செயற்கூறு நிரலாக்க மொழிகளில் ஒரு தரவினத்தை அதன் பெயரைக்கொண்டே வரையறுக்கலாம். எடுத்துக்காட்டாக, பூச்சரம் ஒன்று வெறும் நாராக இருக்கும். இல்லாவிட்டால் ஒரு பூவும் அதைத் தொடரும் சரமுமாக இருக்கும். சரத்தை விளக்கச் சரமே வந்தாலும் வெறும் நார் என்ற அடிநிலை இருப்பதால் விளக்கம் நிலைகொள்கிறது. இது தற்சுழற்சி. பூ மல்லிகையா கனகாம்பரமா என்று குறிக்காமல் விடுவது பல்லுருவாக்கம். பூக்களை எண்ணும் செயற்கூறு பூவின் பெயரைக் கேட்பதில்லை. ஒருமுறை எழுதினால் எல்லாச் சரங்களுக்கும் பொருந்தும்.

முதல் மரபு எம்.எல். மொழியுடையது. தேற்றம் நிறுவும் எல்.சி.எஃப். கருவிக்காக எடின்பரோவில் அது உருவானது. நிரலாளர் தரவினத்தை எழுதாவிட்டாலும் கம்பைலரே மிகப் பொதுவான தரவினத்தைக் கண்டறியும் முறையை ராபின் மில்னர் 1978இல் வெளியிட்டார். ரோஜர் ஹிண்ட்லி 1969இலேயே தருக்கவியல் வழியாக இதையொத்த முடிவை எட்டியிருந்தார்.

இரண்டாம் மரபு சிஸ்டம் எஃப் என்ற தரவின முறைமை. 1972இல் ஜிரார் தருக்கவியலிலிருந்தும், 1974இல் ஜான் ரெனால்ட்ஸ் நிரலாக்கத்திலிருந்தும் தனித்தனியே இதை அடைந்தனர். இதில் பல்லுருச் செயற்கூறையே மற்றொரு செயற்கூறுக்கு உள்ளீடாகத் தரலாம். அந்த ஆற்றலுக்கு விலை உண்டு: தரவினக் குறிப்பே இல்லாத நிரலுக்குத் தரவினத்தைக் கண்டறியும் பொதுவழி கிடையாது என்று ஜோ வெல்ஸ் 1994இல் நிறுவினார்.

மூன்றாவது ஹாஸ்கெல் மொழியின் மரபு. பூக்களை எண்ணப் பூவைப் பற்றி எதுவும் தெரிய வேண்டாம். வரிசைப்படுத்தவோ எது முன், எது பின் என்று தெரிய வேண்டும். அந்தத் தேவையைத் தரவினத்திலேயே சொல்லும் டைப் கிளாஸ் முறையை வாட்லரும் பிளாட்டும் 1989இல் முன்வைத்தனர்.

தற்சுழற்சியும் பல்லுருவும் சந்திக்கும் இடத்தில்தான் இம்மரபுகள் சோதிக்கப்படுகின்றன. முதலில் ஒரு பூ, அடுத்து இரட்டைப்பூ, பிறகு இரட்டையின் இரட்டை என்று வளரும் சரத்தை எண்ணும் செயற்கூறு, ஒவ்வொரு படியிலும் தன்னை வேறொரு தரவினத்தில் அழைக்க வேண்டும். மில்னர் முறையில் தன் வரையறைக்குள் செயற்கூறுக்கு ஒரே தரவினம்தான். எனவே அது மறுக்கப்படும். இதை ஏற்கும் விதியை ஆலன் மைக்ராஃப்ட் 1984இல் வகுத்தார். ஆனால் அவ்விதிப்படி தரவினத்தைத் தானே கண்டறியும் பொதுவழி இல்லை என்பது பின்னர் நிறுவப்பட்டது.

ஆகவே ஒவ்வொரு மொழியும், கம்பைலர் ஊகிப்பது எதுவரை, மனிதர் எழுதித் தருவது எதிலிருந்து என்று எல்லை வகுக்கிறது. 1990இல் வந்து 1997இல் திருத்தப்பட்ட ஸ்டாண்டர்ட் எம்.எல். வரையறை இத்தகைய பல்லுருத் தற்சுழற்சியை ஏற்கவில்லை. ஹாஸ்கெல் 98, தரவினக் குறிப்பை எழுதினால் ஏற்கிறது. எம்.எல். குடும்பத்து மொழியான ஓகேமலும் வெளிப்படையான குறிப்பைக் கேட்கிறது.

பெங்களூருவில் செயற்கூறு நிரலாக்க மரபு ஆய்வாகவும் தொழிலாகவும் வேரூன்றியுள்ளது. கணினியியல் கோட்பாட்டுக்கான எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். மாநாடு 1981இல் இங்கே தொடங்கியது; செயற்கூறு நிரலாக்கத்துக்கான ஃபங்ஷனல் கான்ஃப் மாநாடு 2014இல் தொடங்கியது. இங்குள்ள ஜஸ்பே என்ற பணப்பரிவர்த்தனைத் தொழில்நுட்ப நிறுவனம் ஹாஸ்கெலைப் பயன்படுத்துகிறது. 2022இல் வந்த ஆட்டோ செயலி நம்ம யாத்ரியின் பின்புல நிரலும் ஹாஸ்கெலில் எழுதப்பட்டுத் திறந்த மூலமாக வெளியிடப்பட்டுள்ளது. கம்பைலர் ஊகிக்கக்கூடிய இடத்திலும் செயற்கூறின் தலையில் தரவினத்தை எழுதுவது ஹாஸ்கெல் நிரலாளர் வழக்கம். பலர் சேர்ந்து எழுதும் நிரலில், அடுத்து வாசிப்பவருக்கு அந்த ஒரு வரியே வாக்குறுதி.