கேட்டதெல்லாம் தரும் கெர்னல்

லினக்ஸில் ஒரு நிரல் 1 ஜிபி நினைவகம் கேட்டால் உடனே கிடைக்கிறது. ஆனால் அப்போது கைக்கு வருவது முகவரிகள் மட்டுமே. அங்கே முதன்முதலாக எழுதும்போதுதான் கெர்னல் ராமிலிருந்து, பொதுவாக 4 கேபி அளவுள்ள, பக்கம் ஒன்றை எடுத்துத் தருகிறது. கேட்டதை எல்லா நிரல்களும் முழுதாகத் தொடுவதில்லை என்ற நம்பிக்கையில், இருப்பைவிட அதிகமாக வாக்குக் கொடுப்பதே ‘ஓவர்கமிட்’. இது சரியான ஏற்பாடா?

ஆதரிப்பவர்களின் வலுவான சான்று ஃபோர்க், அதாவது ஒரு செயல்முறை தன்னைப் போன்ற பிள்ளையைப் பிறப்பிப்பது. 16 ஜிபி சர்வரில் 10 ஜிபி தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும் ரெடிஸ் மென்பொருள், அதை வட்டில் பதிய ஒரு பிள்ளைச் செயல்முறையைப் பிறப்பிக்கிறது. கணக்குப்படி இன்னும் 10 ஜிபி வேண்டும். உண்மையில் தாயும் பிள்ளையும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. மாற்றி எழுதப்படும் பக்கம் மட்டுமே நகலாகிறது. ஸ்வாப் (ராம் போதாதபோது உதவ வட்டில் ஒதுக்கும் இடம்) இல்லாத அந்த சர்வரில் கறாராகக் கணக்குப் பார்த்தால் பதிவே நடக்காது.

ஆனால் எல்லா நிரல்களும் ஒரே சமயத்தில் பக்கங்களைத் தொட்டுவிட்டால்? கெர்னலின் ‘ஓஓஎம் கில்லர்’ நினைவகத்தை அதிகம் பிடித்திருப்பதைத் தேடிக் கொல்கிறது. பெரும்பாலும் அது, எதற்காக அந்த சர்வரை வாங்கினோமோ அதே டேட்டாபேஸ்தான். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ஒரு இணைப்பின் செயல்முறை இப்படிச் செத்தால், மற்ற எல்லா இணைப்புகளும் துண்டிக்கப்பட்டு, மீட்புப் பணி முடிந்த பிறகே சேவை திரும்பும். கேட்டபோதே ‘இல்லை’ என்று கெர்னல் சொல்லியிருந்தால் அந்த ஒரு வினவல் மட்டும் பிழைச்செய்தியோடு நின்றிருக்கும். இதுதான் என் முதன்மையான குற்றச்சாட்டு: மறுப்பு வரவேண்டிய இடத்தில் வராமல், சாதாரணமாக எழுதும் ஒரு வரியில், தடுக்கவே முடியாத ‘சிக்கில்’ (SIGKILL) என்ற கொலைக் கட்டளையாக வருகிறது.

மாற்று வழியும் குறையற்றதல்ல. ஓவர்கமிட் அமைப்பை 2 ஆக்கினால் கெர்னல் கறாராகக் கணக்குப் பார்க்கும்; அப்போது இயல்பான வரம்பு ஸ்வாப்போடு ராமில் பாதி. ஸ்வாப் இல்லாத 16 ஜிபி சர்வரில் 8 ஜிபிதான் வாக்களிக்க முடியும். பாதி என்ற அந்த விகிதத்தை நாமே உயர்த்தியாக வேண்டும்.

ஆகவே, தொடும்போது பக்கம் தருவது ஐயமின்றிச் சரி. பல வேலைகள் கலந்து ஓடும் கணினிக்கு, அப்பட்டமாக மிகையானதை மட்டும் மறுக்கும் இயல்பு அமைப்பான 0 போதும். ரெடிஸுக்கு, கணக்கே பார்க்காமல் தரும் 1 பொருந்தும். டேட்டாபேஸுக்கென்றே ஒதுக்கிய சர்வரில் 2-ஐ வைத்து, விகிதத்தை அளந்து அமைக்க வேண்டும். அங்கே இயல்பு அமைப்பை அப்படியே விட்டுவைப்பது கவனக்குறைவு.