நடுவரின் தீர்ப்பே இறுதியானது: சாந்தி விவகாரத்தில் எழுதப்படாத தாள்

பொங்கல் சமயத்தில் திருமுல்லைவாயிலிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோட்டில் போனால் கபடி, வாலிபால், கிரிக்கெட் போட்டி ஃப்ளெக்ஸ்கள் வரிசையாக நிற்கும். பரிசுத் தொகை, நுழைவுக் கட்டணம், தலைவர்கள் படம் எல்லாம் முடிந்த பிறகு, கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "நடுவரின் தீர்ப்பே இறுதியானது". சில போர்டுகளில் "விழாக் குழுவினரின் முடிவே இறுதியானது" என்றிருக்கும். இந்த இரண்டும் ஒன்றில்லை. ரெய்டர் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்பது நடுவர் விஷயம். ஒருவர் ஆடத் தகுதி உள்ளவரா, அவருடைய வயதுச் சான்று சரியா என்பதெல்லாம் குழு விஷயம். முதலாவதில் உடனடி முடிவு தேவை, ஆட்டம் நடக்கணும் இல்லையா? இரண்டாவதில் அந்த அவசரம் கிடையாது. ஆனாலும் நம்ம ஊரில் இரண்டையும் ஒரே வரியில் அடைத்து மூடிவிடுகிறோம்.

இந்தக் குழப்பம் தெருமுனைப் போட்டியோடு நின்றிருந்தால் எழுத வேண்டியதில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டி வரைக்கும் அது போயிருக்கிறது. சாந்தி சௌந்தரராஜன் விஷயத்தை அந்தக் கண்ணோடு திரும்பப் படித்ததில் கிடைத்த குறிப்புகள்தான் இவை.

தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பம். 2005-ல் இஞ்சியோனில் ஆசிய தடகளத்தில் 800 மீட்டர் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் மீண்டும் வெள்ளி. பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமால் முதலிடம், சாந்தி மயிரிழையில் இரண்டாமிடம். சில நாட்களில் பாலினப் பரிசோதனையில் "தேறவில்லை" என்ற செய்தி உலகம் முழுக்க ஓடியது. பதக்கம் போனது. முதல்வர் கருணாநிதி அறிவித்த 15 லட்சத்தை மாற்றிக்கொள்ளாமல் கொடுத்தார், கூடவே ஒரு டிவியும். பிறகு வந்த வருடங்களில் வேலையில்லாத் திண்டாட்டம், சூளை வேலை, ரொம்பத் தாமதமாக பயிற்சியாளர் பணி.

தமிழில் இதைப் பற்றி நான் படித்தவற்றில் பெரும்பாலானவை இந்த வரிசையிலேயே போகின்றன. வறுமை, சாதி, அவமானம், மீட்சி. எல்லாமே உண்மை, எழுதப்பட வேண்டியவையும்கூட. ஆனால் கண்ணீர்க் கதையாகவே எழுதி எழுதி, கேட்க வேண்டிய வறண்ட கேள்விகளை விட்டுவிட்டோம். எந்த விதியின் கீழ் சோதனை நடந்தது? முடிவில் கையெழுத்துப் போட்டது யார்? அந்த முடிவு எந்தத் தேதியில் அவர் கைக்கு வந்தது? மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளுக்குள்? எங்கள் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் கணக்கை முடக்கினால்கூட யார், எப்போது, எந்தக் காரணத்துக்காக என்று லாக் இருக்கும். இல்லாவிட்டால் ஆடிட்டில் மாட்டுவோம். இங்கே ஒரு மனுஷியின் தொழிலே முடக்கப்பட்டது. பரிசோதனை முடிவு எழுத்தில் தன்னிடம் தரப்படவில்லை என்பது அவர் தரப்பு.

இத்தனைக்கும் தடகளம் முறையீடு தெரியாத விளையாட்டு இல்லை. ஓட்டத்தில் யாராவது தடம் மாறினால், முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் ரெஃப்ரியிடம் வாய்மொழியாக ஆட்சேபிக்கலாம். அவர் சொல்வது பிடிக்கவில்லையென்றால் 100 டாலர் முன்பணம் கட்டி, எழுத்து மூலம் ஜூரிக்குப் போகலாம். முறையீடு ஏற்கப்படாவிட்டால் பணம் போச்சு. அழகான ஏற்பாடு: கால வரம்பு இருக்கிறது, வேறொரு அமைப்பு மறுபடி பார்க்கிறது, வீண் முறையீட்டுக்குத் தண்டமும் உண்டு. ஒரு கால் கோட்டை மிதித்ததற்கு இவ்வளவு. "நீ பெண்தானா?" என்ற கேள்விக்கு இதில் கால்வாசிகூட இல்லை.

விதியே இல்லை என்றும் சொல்ல முடியாது, இதுதான் என்னை உறுத்துகிறது. எல்லாப் பெண்களையும் கட்டாயமாகச் சோதிக்கும் வழக்கத்தை உலகத் தடகளச் சங்கம் 1992-லும், ஒலிம்பிக் கமிட்டி 1999-லும் கைவிட்டிருந்தன. சந்தேகம் எழும்போது மட்டும் பார்ப்பது என்றாகி, அதற்காக 2006-லேயே தடகளச் சங்கம் ஒரு கொள்கை வைத்திருந்தது. ஆய்வகச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. மகப்பேறு மருத்துவர், ஹார்மோன் நிபுணர், உளவியலாளர் உட்பட ஒரு குழு பார்க்கணும். சில பிறவி உடல்நிலைகள் இருந்தாலும் ஓட அனுமதிக்கலாம் என்று பட்டியலும் இருந்தது. சாந்திக்கு அதில் எது பொருந்தும் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய உடல் விவரங்கள் ஏற்கெனவே போதுமான அளவு கசிந்துவிட்டன. இந்த மாதிரி விஷயங்களில் "அந்தரங்கம், அதனால் விளக்க முடியாது" என்ற பதில் அடிக்கடி வரும். அந்தரங்கம் என்றால் அது வீராங்கனையின் அந்தரங்கம். அவருக்குத் தாள் தராமல் பத்திரிகைக்குச் செய்தி போவது எந்த வகை ரகசியம்?

அடுத்து, அவர் எங்கே போயிருக்க முடியும்? போட்டி நடந்தது கத்தாரில். போட்டியை நடத்தும் ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலின் தலைமையகம் குவைத்தில். இந்திய ஒலிம்பிக் சங்கம் டெல்லியில். சர்வதேச விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் ஸ்விட்சர்லாந்தின் லோசானில். வீடு கத்தக்குறிச்சியில். லோசானில் மேல்முறையீட்டுக்குப் பொதுவான கெடு, முடிவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாள் (சங்கத்தின் விதியில் வேறு கெடு இல்லாவிட்டால்). முடிவே எழுத்தில் கிடைக்காதவருக்கு அந்தக் கெடு எப்போது ஆரம்பிக்கும்? நிரல் எழுதுபவர்களுக்கு இந்த வகைப் பிழை நன்றாகத் தெரியும்: தொடக்க மதிப்பே கொடுக்காமல் டைமரை ஓட விடுவது. வழக்குப் பதிவுக் கட்டணம், அப்போதைய வழக்கு மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் தடைகள்.

உடல் பற்றி நடந்த விவாதத்தில் நமக்கு டூட்டி சந்த் இன்னொரு உதாரணம். ஒடிசாவின் அந்த ஓட்டக்காரி 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கு சில நாள் முன்பு அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஆரம்பம் கிட்டத்தட்ட சாந்தி கதைதான்: ஊடகக் கசிவு, அவமானம் எல்லாம் உண்டு. ஆனால் இந்திய தடகளச் சம்மேளனத்தின் முடிவு ஒரு கடிதமாக அவர் கையில் இருந்தது. கடிதம் இருந்ததால் வழக்குப் போட முடிந்தது. இந்திய விளையாட்டு ஆணையம் பக்கபலமாக நின்றது, ஆய்வாளர் பயோஷ்ணி மித்ரா கூடவே இருந்தார், கனடா வழக்கறிஞர்கள் கட்டணமில்லாமல் வாதாடினார்கள். 2015 ஜூலை 24-ல் வந்த இடைக்காலத் தீர்ப்பு 150 பக்கத்துக்கு மேல்.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த பகுதி ஹார்மோன் விவாதம் இல்லை, நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற பகுதி. விதி பாகுபாடு காட்டுகிறது என்பதை வீராங்கனை காட்டிவிட்டால், அந்தப் பாகுபாடு நியாயமானதே என்று நிரூபிக்க வேண்டியது சங்கம். ஆண் பெண் ஓட்ட வேகத்தில் 10 முதல் 12 சதவீதம் வித்தியாசம் உண்டு என்பார்கள். இயற்கையாக டெஸ்டோஸ்டிரோன் அதிகமுள்ள பெண்ணுக்கு அவ்வளவு சாதகம் கிடைக்கிறதா? சங்கம் காட்டிய சான்று போதாது என்று தீர்ப்பாயம் விதியை இரண்டு வருடம் நிறுத்தி வைத்தது. 2018-ல் சங்கம் புது விதி கொண்டுவந்தபோது அது 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. டூட்டியின் 100, 200 மீட்டர் தப்பின. அதே வருடம் ஜகார்த்தாவில் இரண்டிலும் வெள்ளி வாங்கினார். சாந்தியின் 800 மீட்டர் தப்பவில்லை என்பதையும் சொல்லணும். முறையான விசாரணை நடந்திருந்தாலும் அவர் தோற்றிருக்கலாம்.

"அப்ப என்ன பிரயோஜனம்?" என்று கேட்பீர்கள். வினேஷ் போகாட்டைப் பாருங்கள். 2024 பாரிஸ், 50 கிலோ பிரிவு, 100 கிராம் கூடுதல், தகுதி நீக்கம். மனு போட்டு ஒரு வாரத்துக்குள் தள்ளுபடியும் ஆனது. ஆனால் ஹரிஷ் சால்வே வாதாடினார், காரணம் எழுதிய தீர்ப்பு வந்தது, அதை நாம் இன்றைக்கும் படித்துச் சண்டை போடலாம். (வினேஷ் மனுவைத் தனியாக விசாரித்த ஆஸ்திரேலிய நடுவர் அனபெல் பென்னட்தான் டூட்டி வழக்கின் குழுவுக்கும் தலைவர். இது பலர் கண்ணில் படவில்லை.) தோற்றதற்குக் காரணம் தெரிந்து தோற்பது வேறு. காஸ்டர் செமன்யா விஷயத்திலும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2025 ஜூலையில் விதி சரியா தப்பா என்பதற்குள் போகவில்லை. ஸ்விட்சர்லாந்து உச்ச நீதிமன்றம் அவருடைய வழக்கைப் போதிய தீவிரத்தோடு பரிசீலிக்கவில்லை, நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்றது. அவருக்கு ஓட்டம் திரும்பக் கிடைக்கவில்லை.

பெண்கள் பிரிவுக்கு எல்லைக்கோடு வேண்டும் என்கிறவர்களை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. அந்தப் பிரிவில் நான்காவதாக வந்தவருக்கும் நியாயம் உண்டு. கோடு எங்கே என்பது அறிவியல் விவாதம், அது இன்னும் முடியவில்லை. கோட்டை ஒரு தனி மனுஷி மேல் எப்படிப் போடுவது என்பதில் அவ்வளவு மர்மம் இல்லை: முன்னறிவிப்பு, அவருக்குப் புரியும் மொழியில் விளக்கம், சம்மதம், எழுத்தில் முடிவு, முடிவெடுத்தவர் அல்லாத இன்னொருவரிடம் முறையீடு.

இப்போது இது அவசரமான விஷயமும்கூட. 2025 செப்டம்பர் 1 முதல் உலக ரேங்கிங் கணக்கில் வரும் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனை கட்டாயம். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சைத் தேய்த்தோ ரத்தம் எடுத்தோ ஆயுளில் ஒருமுறை. 1990-களில் வேண்டாம் என்று விட்டது வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. சந்தேகப்பட்டவரை மட்டும் என்ற நிலை போய் எல்லோருக்கும் என்றானது ஒரு விதத்தில் நல்லது, விரல் நீட்டிக் காட்ட ஆள் தேவையில்லை. ஆனால் கேள்விகள் அப்படியே இருக்கின்றன: முடிவை முதலில் பார்ப்பவர் யார், அவர் யாரிடம் சொல்வார்?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தில் ஒரு தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம் வருகிறது. சம்மேளனங்கள் குறைதீர்க்க உள் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும், தீர்ப்பாயத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு. காகிதத்தில் நல்ல முன்னேற்றம். ஆனால் விதிவிலக்குகளைப் படியுங்கள். ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் மாதிரி சர்வதேசப் போட்டிகளில் எழும் பிரச்சினைகள் அதன் வரம்புக்குள் வராது. அவற்றை சர்வதேச அமைப்புகளே பார்த்துக்கொள்ளும். அதாவது தோஹாவில் நடந்தது இன்று நடந்தாலும் டெல்லித் தீர்ப்பாயம் தொட முடியாது, ஃபைல் மறுபடி லோசானுக்கே போகணும், அதே கெடுவோடு. அந்தக் கெடு ஓட ஆரம்பிக்க தேதியும் கையெழுத்தும் உள்ள ஒரு கடிதம் வேண்டும். அணியை அனுப்பும் இந்திய ஒலிம்பிக் சங்கமே, ஒருவரைத் திருப்பி அனுப்பும் அதே நாளில், அவர் மொழியில் அந்தக் கடிதத்தைக் கொடுக்கணும் என்று தன் விதியில் எழுதிக்கொள்ளலாம். அதற்கு குவைத்தின் அனுமதியோ லோசானின் அனுமதியோ தேவையில்லை.