மணிமேகலையின் தாய் யார்?

நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை என்பது நம்மவர் பழமொழி. பிறப்பே குணத்தை விதிக்கும் என்பதற்கு இதனைச் சான்று காட்டுவோர் பலர். சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தை ஊன்றிப் படிப்போர்க்கு, நூலை நெய்யும் கையும் ஒன்று உண்டு என்பது புலனாகும்.

மணிமேகலை, கணிகையர் குலத்து மாதவிக்கும் வணிகன் கோவலனுக்கும் பிறந்தவள். தந்தை மதுரையில் கொலையுண்டான். பாட்டி சித்திராபதியோ, பேத்தி குலத்தொழிலுக்கே உரியவள் என்று சாதிக்கிறாள். இந்திர விழாவிற்குத் தாயும் மகளும் வாராமை கண்டு வயந்தமாலையைத் தூது விடுகிறாள். அவளுக்கு மாதவி இறுக்கும் விடையே இக்காப்பியத்தின் உயிர்நிலை என்போம். தன் வயிற்றிற் பிறந்தவளை அவள் கண்ணகியின் மகள் என்கிறாள்! தன்னை விலக்கிக்கொண்டு மாற்றாளையே மகளுக்குத் தாயாக நிறுத்துகிறாள். இதனைக் கேட்ட மகள் விட்ட கண்ணீரில், தொடுத்த மாலை நனைகிறது. பின்னர் அரசகுமாரன் உதயகுமரன்பால் தன் நெஞ்சம் சென்றதை அவளே ஒப்புகிறாள். எனினும் தாய் காட்டிய வழியினின்றும் பிறழவில்லை.

இனி ஆபுத்திரனை நோக்குவோம். ஈன்ற சாலி அவனைத் தோட்டத்தில் விட்டுச் சென்றாள். பசுவொன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்து மறை ஓதுவித்தான். வேள்விக்குக் கட்டிய பசுவைப் பிள்ளை இரவில் அவிழ்த்து ஓட்டியபோதோ, அவ்வளர்ப்புத் தந்தையே வீட்டினின்றும் துரத்தினான். இருமுறை கைவிடப்பட்டவன் உலகை வெறுத்தானா? இல்லை. மதுரையில் பிச்சை ஏற்று, குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, மிச்சிலையே தான் உண்டான். ஏழு நாட் பால் அவன் கைவழியே ஊருக்குச் சென்றது. அவன் ஏந்திய அமுதசுரபியே பின்னாளில் மணிமேகலையின் கைக்கு வந்தது. குழந்தைக்கு ஈன்றவளோ, அவளுக்கு நிகராக நிலைத்து நிற்கும் ஒருவரோ இன்றியமையாதவர் என்று ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்திற்கு எழுதியது 1951-ஆம் ஆண்டில்.

இத்தனையும் காட்டிய புலவர், காரணம் கூறுமிடத்துப் பழம்பிறப்பின்மேல் ஏற்றிவிடுகிறார். உதயகுமரன் முற்பிறவிக் கணவன் என்கிறார். பௌத்த நூலாதலின் அஃது இயல்பே. ஆயினும் அவர் படைத்த மாந்தர் அவர் கொள்கையினும் வலியர். மாதவி செய்தது இப்பிறவிச் செயல். பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றியது 1947-இல்தான். அவ்வழக்கத்தின் வேராகிய குலத்தொழிற் கட்டை, தன் வீட்டளவில் அவள் முன்னரே அறுத்தாள்.

பால்மரம் சீவப் போன தாய்மார் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற காலத்தைத் தோட்டத்து அன்பர்கள் அறிவர். பிறர் கையில் வளர்ந்தமையால் அப்பிள்ளைகள் கெட்டுவிடவில்லை. கூலியின் மகன் கூலியே என்று கங்காணி கூறியதையும் தாங்கிக்கொண்டார்கள். அதே சொல்லைப் பெற்றோர் கூறக் கேட்டபோதுதான் மனம் ஒடிந்தார்கள். சித்திராபதி வெளியாள் அல்லள், வீட்டுக்குள் இருப்பவள். அவளுக்கு விடை கூறும் துணிவு நம் தாய்மார்க்கும், தந்தையர்க்கும் வேண்டும்.